பின்னால் உட்கார்ந்து வந்தவள்

ஜூலை 9

கால் அசையவில்லை. கை அசைகிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் விபத்து. நான்குவழிச் சாலையில், பால்பண்ணைத் திருப்பத்தில். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. நாளைக்குக் கம்பி வைப்பார்களாம். தலையில் அடி இல்லை. “தலைக்கு வந்தது காலோட போச்சு” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கால் என்னுடையது என்பது அவளுக்கு மறந்துவிடுகிறது.

எப்படி நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அதை அண்ணன் ஏற்கெனவே எழுதவைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் விபத்தென்று வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு போடுகிறார்கள். என் சீட்டில் “ஸ்கூட்டியிலிருந்து தானாகச் சறுக்கி விழுந்தது” என்று இருக்கிறது. பணியிலிருந்த டாக்டர் என்னைக் கேட்கவில்லை, அண்ணனைத்தான் கேட்டார். நான் மயக்கத்தில் இல்லை. வாயைத் திறந்திருக்கலாம். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாசத்தில் பிடிக்கிற பிடி அல்ல அது.

இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு இது போதும்.

ஜூலை 10

கம்பி வைத்துவிட்டார்கள். கட்டைவிரலை ஆட்டச் சொன்னார்கள். ஆடியது. அழுதேன்.

ஜூலை 12

வெள்ளைக் கார்க்காரர் வந்தார். மனை பிரித்து விற்கிறவராம். கையில் ஆப்பிள் பை, முகத்தில் நல்ல பயம். “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்கும்போது குரல் நடுங்கியது. அண்ணன் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பயம் போய்விட்டிருந்தது. “கடவுள் புண்ணியத்துல தானா விழுந்ததாத்தான் எழுதியிருக்காங்களாம். ஒடம்பப் பாத்துக்கம்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இந்த வார்டில் அவ்வளவு சீக்கிரம் குணமானவர் வேறு யாருமில்லை.

ஆப்பிளைத் தூக்கிப் போடச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் கருப்பாயி அக்கா விடவில்லை. கட்டட வேலை செய்கிறவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. “இடிச்சவன் ஆப்பிளா? குடு தாயி, திம்போம். அவன் காரையா திங்கப் போறோம்?” என்றார்.

நான் இங்கே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். தானாக விழுந்தவளைப் பார்க்க இடித்தவன் எதற்கு வந்தான் என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும்.

ஜூலை 15

துறைத்தலைவர் போன் செய்தார். விடுப்புக்குச் சம்பளம் கிடையாது என்பதை அன்பாகச் சொன்னார். எங்கள் பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும்தான் கௌரவம். வகுப்பெடுத்தால் கூலி, எடுக்காவிட்டால் இல்லை. கருப்பாயி அக்காவுக்கும் எனக்கும் ஒரே கணக்கு. அவருக்குச் சிமெண்ட், எனக்குச் சுண்ணாம்புக்கட்டி.

வேலை போய்விடாமலிருக்க என் வணிகவியல் வகுப்புகளை வரலாற்றுத் துறை இருதயராஜ் சார் பார்த்துக்கொள்கிறாராம். அவரும் கௌரவம்தான். என்ன நடத்துகிறார் என்று கேட்டேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் லாப நட்டக் கணக்கை நடத்துகிறாராம். பிள்ளைகள் இதுவரை என் வகுப்பில் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை என்று துறைத்தலைவர் சிரித்தார்.

அவருக்கு முழங்கையில் தையல் போட்டிருக்கிறதாம். எப்படி என்று கேட்டதற்கு மாட்டுவண்டி என்றாராம். இந்த ஊரில் இப்போது மாட்டுவண்டி எங்கே இருக்கிறது? நல்ல பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

ஜூலை 17

ஒருவன் வந்தான். பெயர் குபேந்திரன். பவுடர் போட்ட முகம், சட்டைப்பையில் மூன்று பேனா. நர்ஸ்களுக்கு அவனைத் தெரிகிறது, வாட்ச்மேனுக்குத் தெரிகிறது, எந்தக் கட்டிலில் எந்த எலும்பு முறிந்தது என்பது அவனுக்குத் தெரிகிறது. விபத்துக் கேஸ் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்.

“தங்கச்சி, ஒண்ணும் கவலப்படாத. நம்ம வக்கீல் சார் பாத்துக்குவாரு. நீ கோர்ட்டுக்கே வர வேணாம்.”

“தானா விழுந்ததுக்கு யாரு மேல கேஸ் போடுவீங்க?” என்றேன்.

“அதான் அண்ணன் எல்லாம் சொல்லிட்டாப்லயே” என்று கண்ணடித்தான். “வெள்ளக் காரு. நம்பரும் இருக்கு. நீ ஒன் ஸ்கூட்டில போற, அவன் வந்து தட்டுறான், நீ விழுகுற. அப்ப மயக்கத்துல தானா விழுந்தேன்னு சொல்லிட்ட. முடிஞ்சிருச்சு.”

அண்ணனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

வக்காலத்து என்று ஒரு தாள். நம் வழக்கை இன்னார் நடத்தலாம் என்று வக்கீலுக்கு நாம் கொடுக்கிற அதிகாரம். அதில் என் கைரேகை ஏற்கெனவே இருந்தது. ஆபரேஷன் முடிந்து மருந்து மயக்கத்தில் கிடந்தபோது எடுத்திருக்கிறார்கள். எம்.காம்., எம்.ஃபில். படித்தவளின் கைரேகை. குபேந்திரனின் தொழில் சுத்தத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கருப்பாயி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். அவர்கள் போனதும் சொன்னார்: “எனக்கும் இவன்தான் வந்தான். எம் மக வெரட்டிவிட்டா. எங்களுக்கு பிலோமினா வக்கீலு. கத்தும். ஆனா வேல நடக்கும்.”

நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 24

வீட்டுக்கு வந்தாயிற்று. கீழே உட்கார முடியாது என்பதால் அண்ணன் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கிறான். அவனை முழுதாக வெறுக்க முடியாதபடி ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருக்கிறான்.

காலையில் வாசலில் டமார் டமார் என்று சத்தம். அண்ணன் சுத்தியலால் என் ஸ்கூட்டியை அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று குபேந்திரன் இடம் காட்டுகிறான். “இண்டிகேட்டரு. ஆங், அங்கதான். மட்கார்டு இன்னுங் கொஞ்சம்.”

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். “ஏன்டா, நல்ல வண்டிய ஏன்டா அடிக்கிற? கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“சாட்சிம்மா. ஆக்சிடென்ட் ஆன வண்டி இப்படி இருந்தா எவன் நம்புவான்?”

“கேஸு ஜெயிக்க வண்டிய ஒடைக்கணுமா? அப்ப அவ கால ஒடச்சது பத்தாதா?”

ஜன்னல் வழியாகக் கத்தினேன். “எங்கிட்ட லைசென்ஸே இல்லண்ணே. எட்டு போடப் போயி ரெண்டு தடவ கால ஊனிட்டு வந்தவ நானு. லைசென்ஸ் இல்லாம ஓட்டுனேன்னு என்னையத்தான் பிடிப்பாய்ங்க.”

சுத்தியல் நின்றது. குபேந்திரன் மூன்று பேனாக்களில் ஒன்றை எடுத்துக் காதைக் குடைந்தான். “அதுவும் ஏற்பாடு பண்ணிக்கலாம் தங்கச்சி. போன வருஷத் தேதியில.”

என் வண்டி, என் கால், என் லைசென்ஸ். எல்லாவற்றையும் இரண்டு ஆண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் விழுந்த விதத்தைக்கூட.

ஜூலை 25

பிலோமினா வக்கீலுக்குப் போன் செய்தேன். “உண்மையச் சொல்றதா இருந்தா வாங்க. கதை சொல்றதா இருந்தா டீச்சர் வேலையவே பாருங்க” என்றார். வைத்துவிட்டார்.

ஜூலை 31

தையல் பார்க்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் ஆட்டோவில் கோர்ட் வாசலுக்குப் போனோம். வக்கீல் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில். என்னால் ஏற முடியாது. அவரே இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோவின் முன் சீட்டில் டிரைவர் இடத்தில் ஏறித் திரும்பி உட்கார்ந்தார். டிரைவரை “பத்து நிமிஷம் எங்கயாச்சும் போங்கண்ணே” என்று விரட்டினார். என் கால் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படித்தான் என் வழக்கு ஆரம்பித்தது.

“யாரு வண்டி?”

நீட்டியிருந்த காலைப் பார்த்தேன்.

“ஸ்கூட்டிங்கிற கதை வேணாம். கம்பி வச்ச எடத்தப் பாத்தாலே தெரியும், கார் பம்பர் சைடுல வந்து இடிச்சிருக்கு. சறுக்கி விழுந்தா இப்படி ஒடியாது. யாரு வண்டில போனீங்க?”

அம்மா பக்கத்தில் இருந்தாள். வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. “அம்மா, நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்” என்றார்.

அம்மா நகரவில்லை. “எனக்குத் தெரியாததா இவ சொல்லப்போறா? ஆஸ்பத்திரிக்கு மொத ஆளாப் போனது நாந்தானே. அந்தப் பையன் சட்டையெல்லாம் ரத்தம். எல்லாம் இவ ரத்தம். சொல்லுடி.”

சொன்னேன். இருதயராஜ் சார் வண்டியில் வந்தேன். விடைத்தாள் திருத்துகிற மையத்திலிருந்து. பஸ் வரவில்லை. கார் வலது பக்கமிருந்து வேகமாக ஏறி வந்து இடித்தது. அவர்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார், கார் நம்பரையும் போட்டோ எடுத்தார். அண்ணன் ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி தங்கை எப்படி இருக்கிறாள் என்பதல்ல. “எந்த ஊரு?” ஊரைச் சொன்னதும் “எந்தத் தெரு?” தெருவைச் சொன்னதும் அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தெருவைச் சொன்னால் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. “காலனிப் பய வண்டில என் தங்கச்சி வரல. அவ தானா விழுந்தா. நீ இங்க வரவே இல்ல. போ” என்று அனுப்பிவிட்டான்.

 வக்கீல் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

“கோவப்படாதீங்க. நெசமாவே சிரிப்பு வருது. பின்னாடி உக்காந்து வந்தவ மேல எந்தக் கோர்ட்டும் தப்புச் சொல்லாது. ஓட்டுனவன் தப்பா, இடிச்சவன் தப்பான்னுதான் கேப்பாங்க. பின்னாடி இருக்குறவ சும்மா உக்காந்திருந்தா. அம்புட்டுதான். இருக்கதுலயே பத்திரமான எடம் அதான். ஒங்க அண்ணன் ஒங்களக் காப்பாத்துறேன்னு அங்கருந்து எறக்கி, தானா விழுந்தவளா ஆக்கிட்டாரு. அடுத்து அந்த ஏஜென்ட் லைசென்ஸ் இல்லாம ஓட்டுனவளா ஆக்கப்போறான். மூணு கதையில ஒண்ணுலதான் நீங்க குத்தமில்லாதவ. அது நடந்த கதை.”

“மானம் போயிருமாம்” என்றேன்.

“அதுக்கு நான் கேஸ் நடத்துறதில்ல.”

அம்மா சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கையெழுத்துப் போடு” என்றாள்.

இந்தத் தடவை நானே போட்டேன். முழுப்பெயர். பொன்மலர். தாளை மடியில் வைத்து எழுதியதில் எழுத்து கோணியது.

வீட்டுக்கு வரும்போது எதற்காகவோ பசித்தது. விபத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பசி. நாலு புரோட்டா தின்றேன்.

ஆகஸ்ட் 1

வக்கீலிடம் பஸ் வரவில்லை என்றேன். பஸ் வந்தது. உட்கார இடமும் இருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அது போய்விட்டது.

வழக்குக்கு இது தேவையில்லை என்பதால் அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4

குபேந்திரன் வீட்டு வாசலில் நின்று கத்தினான். கைரேகை வைத்துவிட்டு வேறு வக்கீலிடம் போனால் நஷ்ட ஈடு கேட்பானாம். பிலோமினா மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “மயக்க மருந்துல கெடந்த பிள்ளைகிட்ட ரேகை வாங்கினியா? இத அப்படியே எழுதி பார் கவுன்சிலுக்கு அனுப்பட்டா? ஒங்க வக்கீல் கோட்டக் கழட்டி ஒனக்குத் தோள்ல போட்டுவிட்ருவாங்க.” தெருவே கேட்டது. அவன் பைக்கை உதைத்த வேகத்தில் ஒரு பேனா விழுந்தது.

சிரித்து முடிப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டான்.

அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அப்ப எல்லாரு முன்னாடியும் அவன் பின்னாடி உக்காந்து போனேன்னு சொல்லப்போற.”

“நடந்ததச் சொல்லப்போறேன்.”

“அப்பா இருந்தா இதப் பாத்துட்டு நாண்டுக்கிட்டு செத்துருவாரு.”

“அப்பா குடிச்சுச் செத்தாருண்ணே. அதுக்கு மானம் போகலயா?”

அவன் கை ஓங்கியது. அம்மா நடுவில் வந்தாள். என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான், கையை இறக்கினான். “அவன் கால ஒடிக்கிறேன் பாரு.”

“ஒடி. அதுக்கும் பிலோமினா மேடம்தான் வக்கீலு.”

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவன் சொன்னது வெறும் பேச்சல்ல. எங்கள் பக்கத்தில் கால்களை ஒடித்திருக்கிறார்கள். கழுத்துகளையும்.

மேடத்திடம் சொன்னேன். “அந்தத் தம்பிக்குப் போலீஸ்ல ஒரு மனு குடுத்து வைப்போம். ஒங்க அண்ணன் பேரப் போட்டே. பேர் எழுதிட்டா பாதி வீரம் எறங்கிரும்” என்றார்.

ஆகஸ்ட் 11

போலீஸ் ஸ்டேஷன். அண்ணன் மேல் ஒரு மனு, விபத்துக்கு ஒரு மனு. எஸ்.ஐ. விபத்து மனுவைப் படித்துவிட்டு என்னைப் படித்தார்.

“இத்தன நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“படுத்திருந்தேன் சார்.”

“அந்தாளு யாரு? ஃப்ரெண்டா?” அந்தச் சொல்லைக் கசக்கிப் போட்டார்.

“கூட வேலை பார்க்கிறவர்.”

“கூட வேல பாத்தா பைக்ல ஏறிருவீங்களா?”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “சார், அவங்க பஸ்லயோ பைக்லயோ யானை மேலயோ வருவாங்க. இடிச்சது காரு. நீங்க கேக்க வேண்டியது கார்க்காரர. இல்ல, அவருகிட்டயும் ‘எவ கூடப் போயிட்டிருந்தே’ன்னு கேப்பீங்களா?”

மனுக்களை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வழக்குப் பதியவில்லை. மேடம் நேரே எஸ்.பி. ஆபீசுக்குப் போகலாம் என்றார். படி ஏற இறங்க என்னை இரண்டு பெண் போலீஸ் தூக்கினார்கள். அதில் ஒரு பெண் காதோரம் சொன்னாள்: “விடாதீங்க மேடம்.”

ஆகஸ்ட் 29

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். கார் நம்பர், கார்க்காரர் பெயர், இருதயராஜ் பெயர், என் பெயர். “பின்னால் அமர்ந்து வந்த” என்று என் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கிறது. அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காய்ச்சல் விட்டது போல வியர்த்தது.

அக்டோபர் 6

கம்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை நடந்தேன். அம்மா தோசையைக் கருகவிட்டாள்.

இழப்பீட்டு மனு தாக்கலாகிவிட்டது. கார்க்காரர் வேறு ஆப்பிள் அனுப்பவில்லை.

நவம்பர் 20

மறுபடி வேலை. கல்லூரியில் லிஃப்ட் கிடையாது. வணிகவியல் மூன்றாம் மாடியில். முதல்வரிடம் வகுப்பைக் கீழே மாற்றக் கேட்டேன். “கௌரவ விரிவுரையாளருக்காகக் கால அட்டவணைய மாத்த முடியுமா?” என்றார். இருதயராஜ் சார் தன் தரைத்தள அறையை எனக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு மாடிக்குப் போய்விட்டார்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் எஃப்.ஐ.ஆர். தெரிந்திருக்கிறது. நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. ஒருவர் மட்டும் நிறுத்தாமல் கேட்கிறார்: “வாங்க மேடம், கால் எப்படி இருக்கு?”

“பரவால்ல சார். கை?”

“பரவால்ல மேடம்.”

தினமும் இதுதான் பேசுகிறோம். வேறு எதுவும் பேசுவதில்லை. மழை பெய்தால் கம்பி வைத்த இடம் வலிக்கிறது என்று சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் காலையில் வானிலை அறிக்கை படித்துவிட்டு வருகிறார்.

மார்ச் 3

அண்ணன் போலீஸ் மனுவில் தன் பெயரைப் பார்த்ததிலிருந்து இருதயராஜ் சார் தெருப்பக்கம் போவதில்லை. என்னிடமும் பேசுவதில்லை. ஆனால் படிக்கட்டில் எனக்காக ஒரு கைப்பிடிக் கம்பி வைத்திருக்கிறான். கேட்டால் அம்மாவுக்காம்.

ஜூன் 19

இன்று சாட்சியம். எதையும் விடாமல் எழுத வேண்டும்.

கோர்ட் வராந்தாவில் மேடம் பாடம் எடுத்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில். அவரு யாருன்னு கேட்டா கூட வேல பாக்குறவருன்னு சொல்லுங்க. நிறுத்துங்க. டீச்சர் மாதிரி விளக்காதீங்க.” இருதயராஜ் சார் சலவைச் சட்டையில் நின்றிருந்தார். நடந்ததைப் பார்த்த சாட்சி அவர். நான் பேசி முடிக்கிற வரை அவர் உள்ளே வரக்கூடாது, ஒரு சாட்சி சொல்வது அடுத்த சாட்சியின் காதில் விழக்கூடாது என்பது கோர்ட்டின் வழக்கம். அவரைத் தூரத்து வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே அம்மாவும் அண்ணனும் கடைசி பெஞ்சில். அண்ணன் வருவான் என்று நான் நினைக்கவில்லை.

கார்க்காரரின் காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் வயதானவர். மிகவும் மரியாதையாகக் குத்தினார்.

“ஆஸ்பத்திரிச் சீட்டுல தானா விழுந்ததா இருக்கேம்மா?”

“அது எங்கண்ணன் சொன்னது. நான் சொல்லல.”

“ஒங்க அண்ணன் பொய் சொல்றவரா?”

எனக்குப் பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. “தங்கச்சி ஒரு ஆம்பள வண்டில வந்தது வெளிய தெரியக்கூடாதுன்னு சொன்னாரு. எங்க ஊர்ல அதுக்குப் பொய்யின்னு பேரு இல்ல சார். மானம்னு பேரு.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த இருதயராஜ் ஒங்களுக்கு என்ன வேணும்?”

கூட வேலை பார்க்கிறவர். இரண்டு நொடியில் சொல்லி முடித்திருக்கலாம். ஸ்டேஷனில் சொன்னதுதான். பொய்யும் அல்ல. ஆனால் வாய் திறந்தபோது ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. டாக்டர் கேட்கிறார், அண்ணன் சொல்கிறான், நான் சும்மா கிடக்கிறேன். இப்போது என் மணிக்கட்டை யாரும் பிடித்திருக்கவில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள்.

“நான் கல்யாணம் பண்ணிக்கப் போறவரு.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி “என்ன சொன்னீங்க?” என்றார். மறுபடி சொன்னேன். அவர் தட்டச்சுக்காரரிடம் சொல்லச் சொல்ல அது அரசாங்கத் தாளில் ஏறியது.

காப்பீட்டு வக்கீலுக்கு ஒரே மகிழ்ச்சி. “அப்ப அவர் சொல்றது ஒங்களுக்கு வேண்டியவர் சொல்ற சாட்சி!”

“ஆமா சார்.”

கூண்டிலிருந்து இறங்கும்போது கால் வலிக்கவே இல்லை. கடைசி பெஞ்சில் அம்மா மட்டும் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். வேப்பமரத்துக்கும் டீக்கடைக்கும் இருபதடி இருக்காது. அண்ணன் அவரைப் பார்த்தான். அவரும் பார்த்தார், வணக்கம் வைத்தார் பாவி மனிதர். அண்ணன் வைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் போகவும் இல்லை. நானும் அம்மாவும் வராந்தாவுக்கு வருவதற்குள் திரும்பி வந்தான். ஒரே ஒரு டீ வாங்கி வந்திருந்தான், அம்மாவுக்கு. அம்மா அதைப் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?” என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

“இருக்காங்க.”

“ம். பேசணும்.”

அண்ணன் வராந்தாவிலிருந்து இறங்கிப் போனான். வாசலில் நின்றானே தவிர, வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு இருதயராஜ் சாரைக் கூப்பிட்டார்கள். மேடம் என் காதில், “அவரு வேற சொன்னாருன்னா கிழவன் பிடிச்சுக்குவான். கூட வேல பாக்குறவங்கன்னு சொல்லணும்னு நாந்தான் அவருக்கும் சொல்லி வச்சிருக்கேன். தொலைஞ்சோம்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோர்ட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நீதிபதிக்கு, தட்டச்சுக்காரருக்கு, டவாலிக்கு, கார்க்காரரின் வக்கீலுக்கு. அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவரிடம் நான் சொன்னதே இல்லை. இதில்கூட எழுதியதில்லை.

விபத்தைப் பற்றி நன்றாகச் சொன்னார். வேகம், திருப்பம், கார் எந்தப் பக்கம் வந்தது. எல்லாம் வரலாறு மாதிரி வரிசையாக. கடைசியில் காப்பீட்டு வக்கீல் சிரித்தபடி கேட்டார்.

“பொன்மலர் ஒங்களுக்கு என்ன வேணும்?”

அவர் மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். நல்ல பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

“அத அவங்ககிட்டதான் சார் கேக்கணும்.”

“கேட்டாச்சுப்பா” என்றார் நீதிபதி. “சொல்லிட்டாங்க.”

“என்ன சொன்னாங்க ஐயா?”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி தாளைப் புரட்டுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். “அது ஒங்க சாட்சியத்துல வராது. வெளிய போயிக் கேட்டுக்கங்க.”

தீர்ப்பு எப்போது வருமோ தெரியாது. கிழவர் இதை வைத்துக் குறைக்கப் பார்ப்பார், குறையாது என்கிறார் மேடம். “வேண்டியவருன்னு ஒத்துக்கிட்டவ மத்ததையும் மறைச்சிருக்க மாட்டான்னு ஜட்ஜுக்குப் பட்டுருச்சு. நான் சொல்லிக் குடுத்ததக் கேக்காம ஜெயிக்கப்போற மொத கட்சிக்காரி நீதான்.”

வராந்தாவுக்கு வந்தேன். தூண் பக்கம் நின்றிருந்தார். காதெல்லாம் சிவப்பு. அதற்குள் டவாலி அவரிடம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

“மேடம்…”

“சொல்லுங்க சார்.”

“அத மொதல்ல எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்?”

“அங்க கேட்டாங்க சார்” என்றேன். “நீங்க கேக்கவே இல்ல.”